எட்டடி அகலத்தில் ஒரு ரயில்

பெட்டி திரும்பாது என்பது நேற்றே தெரிந்துவிட்டது. இன்றைக்கு இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பதால் அது மனசு மாறித் திரும்பிவிடப் போவதில்லை. இருந்தாலும் வைத்துப் பார்க்கிறேன், பல்லிடுக்கில் ஏதாவது மாட்டிக்கொண்டால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. இன்ஜின் ஒழுங்காகத் திரும்புகிறது. அது குட்டை, எங்கேயும் திரும்பும். பின்னால் போகிற பெட்டி வளைவில் பாதி ஏறியதும், அடியில் நான் ஆசை ஆசையாக ஒட்டிவைத்த படிக்கட்டில் சக்கரம் முட்டி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தை விட்டு இறங்கி நிற்கிறது. எடுத்து நேராக்கி வைக்கிறேன். மறுபடி இறங்குகிறது. வளைவைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும், பெரிதாக்க இடம் வேண்டும். மொட்டை மாடியில் என் பங்கு எட்டடி அகலம். மிச்சமெல்லாம் தரையில் கிடக்கிற இந்தச் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் அண்ணன் நடந்துகொண்டிருக்கிறார். சரக், சரக், சரக். வெள்ளைக் கான்வாஸ் ஷூ. தண்ணீர்த் தொட்டிச் சுவரைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புகிறார், கோடு வரைக்கும் வருகிறார், கோட்டை மிதிக்காமல் திரும்பிப் போகிறார். அவர் கோட்டுக்குக் கிட்டத்தில் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு எதையாவது ஒரு திருகாணியைத் திருகுகிறேன். நாங்கள் பேசி ரெண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், அவர் நடையை முடித்துக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும். அண்ணே, உங்க பக்கம் ஒரு அஞ்சடி வளைச்சு எடுத்துக்கிறட்டா. அவ்வளவுதான் வாக்கியம். வாய்க்குள் அது ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இந்த ரயில் வேண்டாத வேலை என்று என் மனைவி சண்முகக்கனி முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுவாள், அதனால் பிறகு சொல்ல அவளுக்கு வேலை மிச்சம் இருப்பதில்லை. நான் பிளக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கிறேன், கீழே தெருப் பக்கம். பழைய பிரிண்டிங் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது என்று பெங்களூருக்குப் போனேன். மெஷின் சரியில்லை. ஆனால் மெஷின்காரர் வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்கு நடுவே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மைக் கடையில் விற்கிற விரல் உயர ரயில் இல்லை, ஒரு சாண் உயரத்துக்குக் கிட்டத்தில் வருகிற ரயில். குனிந்து தூக்கினால் கைப்பிள்ளை கனம் இருந்தது. தண்டவாளம் மூணு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், சரியாக நாற்பத்தைந்து மில்லிமீட்டர். மழையிலேயே கிடக்குமாம், ஒன்றும் ஆகாதாம். அதற்கு முன்னால் எனக்கு ரயில்மேல் ஒரு ஆசையும் கிடையாது. ரயிலில் போனால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். அன்றைக்கு என்னமோ அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன். புதுசாக வாங்கினால் ஒரு இன்ஜின் விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, கொட்டகைக்குள் போய்ப் புகைபோக்கி உடைந்த ஒரு பழைய இன்ஜினை எடுத்துவந்து கையில் கொடுத்தார். இதில் ஆரம்பிங்க, ஒண்ணு போதும், பித்தளைத் தண்டவாளம் பக்கமே போகாதீங்க என்றார். தண்டவாளத்தில் கரண்ட் விடுவதாக இருந்தால்தான் பித்தளை வேண்டுமாம், பேட்டரியை இன்ஜின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டால் கீழே என்ன கிடந்தாலும் ஓடுமாம். அவர் சொன்ன எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டுதான் வந்தேன், ஒன்றைத் தவிர.

சரக், சரக். தொட்டி. திரும்பிவிட்டார். ஜன்னல் போடுகிற கடையில் மிச்சம் விழுகிற அலுமினியப் பட்டைகளை வாங்கிவந்து தண்டவாளம் ஆக்கினேன். பிளக்ஸ் சட்டம் அடிக்கிற ரீப்பர் கட்டைகள் கடையில் எப்போதும் உடைந்து கிடக்கும், கட்சிக்காரர்கள் கட்டிவிட்டு மறுநாள் பிய்த்து எறிந்த சட்டங்கள். அவற்றை விரல் நீளத்துக்கு அறுத்து, ரெண்டு இடத்தில் ரம்ப வாளால் கீறிவிட்டு, அந்தக் கீறலுக்குள் பட்டையை நிமிர்த்திச் செருகினால் தண்டவாளம் தயார். அகலம் மாறாமல் இருக்க நாற்பத்தைந்து மில்லிமீட்டரில் ஒரு கட்டையை அறுத்து வைத்துக்கொண்டு, அதை உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கட்டை இறுகினால் தப்பு, ஆடினாலும் தப்பு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் நகம் போகிற அளவு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் விருதுநகர் வெயிலில் மதியத்துக்குள் பட்டை நெளிந்து பாம்பு மாதிரி எழுந்துகொள்ளும். முதல் தடவை எழுந்தும் கொண்டது. சண்முகக்கனி வடகம் போட வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, உங்க ரயிலு படம் எடுக்குது என்று கீழே வந்து சொன்னாள். பெட்டிக்கு ஃபோம் ஷீட், அது என் கடையில் குப்பை. தப்பாக அடித்த போர்டுகள் ஒரு அறை நிறையக் கிடக்கின்றன, பெயரில் எழுத்து விட்டது, தேதி மாறியது, மாப்பிள்ளை மாறியதும் ஒன்று உண்டு. வெளிப்பக்கம் வெள்ளை வரும்படி ஒட்டினேன். உள்பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு புதுமனை புகுவிழாவும், யாரோ ஒருவரின் அரை மீசையும், அன்புடன் அழைக்கும் என்பதும் தெரியும். பயணிகளுக்குப் பொழுது போகும்.

நீளத்தில்தான் கோளாறு. நம் பக்கம் ஓடின பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். அதை இருபத்திரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய இந்த நாற்பத்தைந்து மில்லிமீட்டர் வருகிறது. வகுத்துப் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம், எவனோ வெள்ளைக்காரன் நம் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் இந்த அளவையே வைத்தான் போல என்று கடையில் பையன்களிடம் அளந்துவிட்டேன். அதே கணக்கில் பெட்டியையும் வகுத்தேன், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, வந்தபடி செய்தேன். ஜன்னல் ஜன்னலாக அறுத்தேன், ஜன்னலுக்குக் கம்பி வைத்தேன், மூன்று மாசம். மெஷின்காரர் நான் பஸ் ஏறுகிற நேரத்தில் சொன்ன அந்த ஒன்று என்னவென்றால், முதலில் வளைவைப் போடுங்க, அதில் என்ன திரும்புமோ அந்த நீளத்துக்குப் பெட்டி செய்யுங்க, எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வாங்க. நானும் எல்லாரும்தான். கேட்டேன், தலையை ஆட்டினேன், தலைகீழாகச் செய்தேன். நேற்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே சண்முகக்கனி, எட்டடிதான் இருக்குன்னு தெரியாமயா மூணடிக்குச் செஞ்சீங்க, நீங்க தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க என்றாள். தெரிந்து எவனாவது செய்வானா. நான் என்ன, கோட்டைத் தாண்டுவதற்காக மூன்று மாசம் உட்கார்ந்து ஜன்னல் அறுத்தேனா. அப்படித் தாண்டுவதாக இருந்தால் காலைத் தூக்கி வைத்தால் போதும், அதற்கு ரயில் எதற்கு. இல்லை, தெரியாமல்தான் செய்தேன். மெஷின்காரர் சொன்னது தெரியும், எட்டடி தெரியும், மூன்றடி தெரியும். மூன்றும் ஒரே நேரத்தில் தெரியவில்லை. அப்படி இருக்க முடியாதா. முடியும். அவளுக்கு நான் சொன்னது, மோர் ஊத்து.

கோடு வரைக்கும் வந்துவிட்டார். குனிந்துகொள்கிறேன். ஷூ நுனி மட்டும் கண்ணில் படுகிறது, இடதுகால் லேஸ் அவிழ்ந்திருக்கிறது, திரும்பிவிட்டார். இந்தக் கோட்டைப் போட்டதே அவர்தான். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் மூத்தவன் கோடு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். எந்தத் துண்டு தனக்கு வரும் என்று கோடு போடுகிறவனுக்குத் தெரியாது, அதனால் ஓரவஞ்சனை இருக்காது, அதுதான் ஏற்பாடு. அண்ணன் தனுஷ்கோடி, ஸ்கூலில் பி.டி. வாத்தியார், ஸ்போர்ட்ஸ் டேக்கு மைதானத்தில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டே பழகின கை. வீட்டுக்கும் அப்படித்தான் போட்டார், மயிரிழை வளையவில்லை. ஆனால் பின்பக்கம் பெரிசாக விழுந்தது. கிணறு, தொட்டி, கூடுதலாக ரெண்டு அறை எல்லாம் அங்கே. முன்பக்கம் கடையும் கடைக்குப் பின்னால் கொஞ்ச வீடும். எனக்குப் பிள்ளைகள் ரெண்டு, அவருக்கு இல்லை. நான் பின்பக்கத்தை எடுத்துக்கொள்வேன் என்று நினைத்துத்தான் அப்படிப் போட்டாராம், மதினி பிறகு சண்முகக்கனியிடம் சொல்லியிருக்கிறாள். அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் முறை கெட்டுவிடும் என்று இருந்திருப்பார், அவருக்கு எதிலும் விதிதான். நான் முன்பக்கம் என்றேன். ஏன் சொன்னேன். கடை அங்கே இருக்கிறது, அது ஒன்று. பெரிய துண்டைத் தம்பி அமுக்கிக்கொண்டான் என்று தெருவில் பேசுவார்கள், அது ஒன்று. அண்ணன் பெரிசில் இருக்கட்டும் என்றும் நினைத்தேனா. நினைத்த மாதிரியும் இருக்கிறது, பிறகு நானே சேர்த்துக்கொண்ட மாதிரியும் இருக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே அண்ணன், கடைக்காரப் புத்தி என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பேனா மூடியைப் பார்த்துச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி எதுவும் சொல்லவில்லை. அப்படியே ரெண்டு வருஷம்.

மாடியில் மிச்சமிருந்த என் பங்கிலும் பாதியைக் கடைச் சாமான் போடத் தகரக் கொட்டகை அடைத்துக்கொண்டது, அதனால்தான் எட்டடி. கொட்டகையைப் பிரித்துவிடலாமே என்றால் சாமானை எங்கே போடுவது. வளைவைச் சின்னதாக்கிக்கொண்டு பெட்டியை வெட்டலாம், அதைத்தான் எல்லாரும் செய்வார்கள், மெஷின்காரரின் பெட்டிகளே நீளம் குறைந்தவைதான், பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. வெட்ட மனசு வரவில்லை. மூன்று மாசம். சரக், சரக். மூச்சு கேட்கிறது இப்போது, முன்பெல்லாம் இங்கே வரைக்கும் கேட்காது. நெஞ்சுவலி வந்து மதுரையில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியதிலிருந்து டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். தெருவில் நடக்க மாட்டார். தெருவில் பாதிப் பேர் அவர் விசிலுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடினவர்கள், மூச்சு வாங்குகிறது சார் என்று நின்றவனையெல்லாம் ஓடுடா என்று விரட்டினவர். அவர்கள் முன்னால் நின்று நின்று நடப்பாரா. அதனால் மாடி. மாடியும் சின்னதுதான், நாலு எட்டு வைத்தால் தொட்டி, நாலு எட்டு வைத்தால் கோடு, திரும்பித் திரும்பியே நடை முடிகிறது. வலி வந்த அன்றைக்கு என்னிடம் யாரும் சொல்லவில்லை. கடையில் இருந்தேன், அண்ணனும் மதினியும் ஆட்டோவில் ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், காலையிலேயே எங்கே கிளம்பிவிட்டார்கள், ஏதோ கல்யாணமாக இருக்கும், அண்ணன் ஏன் சட்டைப் பொத்தான் போடவில்லை என்று நினைத்துவிட்டு மெஷினுக்கு மை ஊற்றப் போய்விட்டேன். டீக்கடைக்காரர் வந்து சொன்னார். பொத்தான் போடாததைப் பார்த்தேனே, பார்த்தும் கல்யாணம் என்று நினைத்தேனே என்பதில் மனசு இன்னும் தடுக்கிக்கொண்டே இருக்கிறது.

மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது நடந்ததைச் சண்முகக்கனியிடம்கூடச் சொல்லவில்லை. என் கடையில் பாதி வேலை கண்ணீர் அஞ்சலி. ராத்திரி போன் வரும், வாட்ஸப்பில் படம் வரும், பெரும்பாலும் ஏதாவது கல்யாணத்தில் எடுத்தது, பக்கத்தில் நிற்கிறவர் கை தோள்மேல் கிடக்கும். அந்தக் கையை அழிக்க வேண்டும், முகத்தை வெளுப்பாக்க வேண்டும், பின்னால் மேகமும் புறாவும் போட வேண்டும். இருபது வருஷமாகச் செய்கிறேன், யார் முகத்தைப் பார்த்தாலும் எந்தப் பக்கம் வெட்டினால் நன்றாக வரும் என்று கண் தானாகப் பார்க்கும். திருமங்கலம் தாண்டியதும், என் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், மண்டைக்குள் அண்ணன் படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஸ்போர்ட்ஸ் டேயில் விசிலோடு நிற்பது. அதில் முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது, சரிபண்ணிக்கொள்ளலாம். என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நிற்பது, அதில் தோளில் கிடக்கிற கை என்னுடையது. அந்தக் கையை அழிக்க வேண்டியிருக்கும் என்கிற வரைக்கும் மூளை போய்விட்டது. கீழே பெயர்கள் வரும், மனைவி, அடுத்து தம்பி. ரெண்டு வருஷம் பேசாதவன் பெயர் ஓரடி உயரத்துக்கு வரும், அவன் கடையிலேயே அடித்ததாக இருக்கும். இந்த மூளையைக் கழற்றிச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக் கிடந்தார். இருங்க தம்பி, இப்ப முழிச்சிருவாங்க என்று மதினி சொன்னாள். அவர் முழித்து, என் முகத்தைப் பார்த்தால், நான் பஸ்ஸில் என்ன பார்த்துக்கொண்டு வந்தேன் என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. தெரியாதுதான். எப்படித் தெரியும். இருந்தாலும் கிளம்பி வந்துவிட்டேன். அன்றையிலிருந்து எனக்குப் பயம், அண்ணன் செத்துப்போய்விடுவார் என்று பயம், பேசாமலே செத்துப்போய்விடுவார் என்று. அதற்கப்புறம்தான் பெங்களூர் போனேன், அதற்கப்புறம்தான் ரயில். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. சண்முகக்கனி அதிலும் ஏதாவது கண்டுபிடிப்பாள்.

அவளே காப்பி டம்ளரோடு முன்பக்கப் படியில் ஏறி வருகிறாள். தண்டவாளத்தைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டுகிற மாதிரி ஒரு பாவனை. டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு, கேட்டீங்களா என்கிறாள், குரலைத் தாழ்த்தாமல். மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டுகிறேன். எதுக்கு மெதுவா, அவுகளுக்கென்ன காதா போச்சு, நெஞ்சுலதான கோளாறு என்கிறாள். கேக்குறேன், நீ போ. எப்ப கேப்பீங்க, அவுக கீழ எறங்குன பொறகு தொட்டிகிட்ட கேப்பீங்களா. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காப்பியில் சர்க்கரை சரியாக இருக்கிறது, அதிலும் குறை சொல்ல வழியில்லை. அண்ணே, ஒரு அஞ்சடி. அஞ்சடி என்று எடுத்த எடுப்பில் சொன்னால் மறுபடி நிலத்தில் போய் நிற்கும். அண்ணே, இந்தப் பெட்டி திரும்ப மாட்டேங்குது. அது பரவாயில்லை, அதில் நான் எதுவும் கேட்கவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். ஆனால் அவர், அதுக்கு நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டால் அங்கேயே அஞ்சடி வந்து நிற்கும். அண்ணே, லேஸ் அவுந்திருக்கு. இது நல்ல ஆரம்பம். இதில் ரயிலே இல்லை. ஆனால் ரெண்டு வருஷம் கழித்து லேஸைப் பற்றியா பேசுவது, லேஸைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேச முடியும், குனிந்து கட்ட அவரால் முடியுமா, குனிந்தால் நெஞ்சை இறுக்குமோ, அதனால்தான் அவிழ்ந்ததை அப்படியே விட்டு நடக்கிறாரா. மதினி எங்கே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடா இது, கறிக்கடைக்குப் போயிருப்பாள், இல்லை, இப்போது கறி கூடாது அவருக்கு. ஒரு திருகாணியை முழுக்க இறுக்கி, கழற்றி, மறுபடி இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

சரக் சத்தம் நின்றுவிட்டது. தொட்டிப் பக்கமும் இல்லை, கோட்டுப் பக்கமும் இல்லை, நடுவில் நின்ற மாதிரி இருந்தது. எங்கே என்று தெரிய வேண்டுமானால் தலையைத் தூக்க வேண்டும், தூக்க முடியவில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன், தெருவில் மீன்காரர் போகிறார், அவர் ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. லேஸை மிதித்துவிட்டாரா, விழுந்தால் சத்தம் கேட்டிருக்குமே. விழவில்லை. உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்திருப்பாரோ. விசில் படத்தில் முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது, வேண்டாம், அதை நினைக்காதே, திருகாணியைப் பார். திருகாணியைப் பார்த்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும், பக்கத்தில் அண்ணன் விழுந்து கிடக்கிறார், இவன் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் சரிபார்க்கிறான்.  

"பெட்டி நீளம்" என்கிறது குரல், தலைக்கு மேலே, கிட்டத்தில். நிமிர்ந்து பார்க்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்கிறார், மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வேர்வை, கண் பெட்டிமேல். சத்தம் வராமல் எப்படி வந்தார் என்று பார்த்தால் லேஸ் அவிழ்ந்த ஷூவோடு மற்றதையும் கழற்றி இன்னொரு கையில் வைத்திருக்கிறார். ஆமாண்ணே என்கிறேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருக்கிறது. "நேத்துலருந்து பாக்குறேன், அதே எடத்துல கவுந்துக்கிட்டே கெடக்கு. வளைவு பத்தாதுடா." பி.டி. வாத்தியார் அல்லவா, இருநூறு மீட்டர் ஓட்டத்துக்கு வளைவு போட்டவர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா. அப்புறம் எப்படி என்று தெரியவில்லை, ஒத்திகை பார்த்த ஒன்றும் வரவில்லை, "உங்க பக்கம் அஞ்சடி குடுத்தா திரும்பிரும்ணே" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டேன்.  அண்ணன் திரும்பித் தன் பக்கத்தைப் பார்க்கிறார். ஷூவைக் கீழே வைத்துவிட்டு, நுனிக்காலுக்கு முன்னால் குதிகால் வைத்து, நுனிக்காலுக்கு முன்னால் குதிகால் வைத்து, கோட்டிலிருந்து அளந்துகொண்டே போகிறார். நின்ற இடத்திலிருந்து கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுப் பார்க்கிறார். அந்த வளைவு அவர் நடக்கிற இடத்துக்கு நடுவே போகிறது, எனக்கும் தெரிகிறது, இவ்வளவு நாளாக அதை நான் ஏன் யோசிக்கவில்லை.

"முடியாதுடா" என்கிறார். "நான் எங்கன நடக்குறது? இதுல தடுக்கி விழுந்தேன்னு வையி, ஒங்க மதினி ஒன்னையத்தான் கொல்லுவா. பெட்டியை வெட்டு." அவ்வளவுதான், முகத்தில் கோபம் எதுவும் இல்லை, ஸ்போர்ட்ஸ் டேயில் யாரோ வந்து இன்னொரு கோடு போடலாமா என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இடம் கிடைக்கவில்லை என்பதற்காக இல்லை. முடியாது என்றுதான் சொன்னார், ரெண்டு வருஷமாக அதைக்கூடச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளை எடுக்கிறேன். எங்கே வெட்ட என்று கேட்கிறேன், எனக்குத் தெரியும், கேட்க வேண்டும் போல இருந்தது. "நடுவுல ரெண்டு ஜன்னலை எடுத்துட்டு ஒட்டிரு, பாக்குற ஆளுக்குத் தெரியாது" என்கிறார். ஜன்னல்களை எண்ணியே வைத்திருக்கிறார் போலிருக்கிறது. பெட்டியை மாடிச் சுவர்மேல் வைத்து வாளை வைக்கிறேன், பெட்டி தள்ளாடுகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அறுத்தால் வாள் கோணிக்கொண்டு ஓடுகிறது. "இரு, இரு" என்று கோட்டைத் தாண்டி வருகிறார். வெறுங்காலோடு தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்துத் தாண்டுகிறார். "பட்டை கூரா இருக்கும், காலைப் பாத்து வைங்கண்ணே." "தெரியுது, நீ வாளைப் பாரு."

பெட்டியின் அந்த முனையை ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அறுக்கிறேன். ஃபோம் ஷீட் அறுபடுகிற சத்தம் எனக்குப் பிடிக்காது, இன்றைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. வெள்ளைத் தூள் அவர் கை ரோமத்தில் படிகிறது. இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்த்து நாளாகிறது, காதோரம் முழுக்க நரைத்துவிட்டது, சட்டைக்குள்ளே தோள் எலும்பு தெரிகிறது, இவ்வளவு மெலிந்துபோனதைக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியவில்லை. "உள்ளாற என்னடா, மீசை?" என்கிறார். தப்பா அடிச்ச போர்டுண்ணே. "யாரு போர்டு?" யாரோண்ணே, பேரு மறந்துபோச்சு. ம் என்கிறார். பாதி அறுத்ததும் அவர் மூச்சுதான் காதில் விழுகிறது, வாள் சத்தத்தைவிட அது பெரிசாகக் கேட்கிறது, இழுத்து, நின்று, இழுத்து. வாளை நிறுத்திவிட்டேன். "எதுக்கு நிறுத்துற?" என்கிறார். "ஒங்களுக்கு மூச்சு வாங்குதேண்ணே, செத்த ஒக்காருங்க." அண்ணன் முனையை விடவில்லை, இன்னும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். "உசுரோட இருக்கவனுக்கு வாங்கத்தான்டா செய்யும்" என்கிறார். "நீ அறு."

அறுக்கிறேன்.